‘வருவேன்’ என்று சொல்லக் கொடைக்கானல் போனேன்

ஸ்பானிஷ் மொழியில் எதிர்காலம் பேசக் கற்றுக்கொள்ள யாராவது கொடைக்கானல் போவார்களா? நான் போனேன். போன கார்த்திகையில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. சுற்றிப் பார்க்கிற பயணம் இல்லை. படகு ஏறவில்லை, தூண் பாறை பார்க்கவில்லை. அதைத் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

வத்தலக்குண்டில் மிளகும் காப்பியும் வாங்கி விற்கிறேன். படிப்பு எட்டாவது. ஆரம்பத்தில் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை. இப்போது ஒரு குடோன். ஒரே மகள் கயல், ஸ்பெயினில் வாலென்சியா என்ற ஊரில் வேலை பார்த்து அங்கேயே ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன். தை மாதம் அவளுக்குப் பிரசவம். தலைப்பிரசவம் பெண் வீட்டுப் பொறுப்பு என்பது நம் வழக்கம். மகளால் இங்கே வர முடியாது. அதனால் என் மனைவி மார்கழியில் போகிறாள், டிக்கெட் போட்டாயிற்று. எனக்குப் போடவில்லை.

காரணம் எளிது. தை மாதம்தான் மலையில் மிளகு பறிப்பு. கணக்குப்பிள்ளையை அனுப்பினால் ஈர மிளகைக் காய்ந்ததென்று தலையில் கட்டிவிடுவார்கள். நான்தான் போய்க் கடித்துப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா கார்மென், ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வந்து நான் வருவேனா என்று கேட்பார். கயல் தமிழில் சொல்வாள். நான் “பார்க்கலாம்” என்பேன். வியாபாரத்தில் இதைவிட நல்ல சொல் கிடையாது. ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது, எதிராளி தானாக இறங்கி வருவான். கார்மென் இறங்கவில்லை. கடைசியில் கயலுக்குத்தான் பொறுமை போனது. “இனிமே ஒங்க ‘பார்க்கலாம்’ங்கிறத நான் மொழிபெயர்க்க மாட்டேன்ப்பா. வாய் வலிக்குது. வருவேன், வரமாட்டேன், எதுன்னாலும் நீங்களே அவங்ககிட்ட சொல்லிக்குங்க.”

போனில் பாடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு வினைச்சொல்லுக்குள் நாலு பேர் விலை கேட்டு அழைத்துவிடுகிறார்கள். கொடைக்கானலில் எங்களிடம் காப்பித்தூள் வாங்கும் பேக்கரிக்காரரின் மகள் ஜெசிந்தா, வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது ஞாபகம் வந்தது. நேரில் வருகிறேன், இரண்டு நாள் உட்கார வை என்றேன். மூவாயிரம் கேட்டது அந்தப் பெண். பேரம் பேசினேன். குறைக்கவில்லை. அப்பாவைவிடக் கெட்டி.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு நேராகப் பெரிய ரோட்டில் போனால் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். நான் சுற்றுவழியில் போனேன்: சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. போகிற வழியில் மிளகுக்கொடியைப் பார்த்துவிடலாமே என்ற ஆசை. இந்த வழியில் பஸ் குறைவு, வளைவு அதிகம். காலை ஆறரைக்கு ஏறினேன். பெரும்பாறை தாண்டியதும் மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை இறங்கிப்போனது. தாண்டிக்குடியில் இறங்கியபோது மணி ஒன்பது, எனக்கு மட்டும் சாயங்காலம் போல இருந்தது.

அங்கே ராசு காத்திருந்தார். ஜீப்பும் ஓட்டுவார், மூன்று ஏக்கர் தோட்டமும் வைத்திருக்கிறார். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி. இருபது வருடமாக அவர் மிளகு எனக்குத்தான். கொடி இந்த வருடம் சரம் சரமாகக் காய்த்திருந்தது. ஒரு பிஞ்சைக் கிள்ளி வாயில் போட்டேன்.

“என்னண்ணே, எப்பிடி?”

“சுமார்தான்.”

“ஆமா, ஒங்களுக்கு என்னைக்கு நல்லா இருந்துச்சு? சரி, தை பத்துக்கு மேல பறிப்பு. வெள்ளனே வந்துருங்க. கேரளாக்காரன் ஒருத்தன் ரெண்டு வாட்டி வந்து கொடியத் தடவிப் பாத்துட்டுப் போயிருக்கான்.”

“வருவேன்” என்றேன். யோசிக்கவே இல்லை. இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய்.

ராசு ஜீப்பிலேயே பண்ணைக்காட்டில் இறக்கிவிட்டார். ஜீப்பில் தனி ஆளாக எடுத்தால் நானூறு ரூபாய் வரை கேட்பார்கள். பங்கு போட்டால் நாற்பதோடு முடியும். அங்கிருந்து கொடைக்கானல் பஸ். போய்ச் சேர மத்தியானம் இரண்டு. சீசன் இல்லாததால் நாயுடுபுரத்தில் தொள்ளாயிரத்துக்கு அறை கிடைத்தது. வெந்நீர் காலை ஏழு முதல் எட்டு வரைதான். கம்பளியில் போன வாரத்து ஆளின் பீடி நாற்றம். இந்த விலைக்கு அதுவும் சேர்த்திதான்.

பாடம் பேக்கரிக்கு மேல் மாடியில். ஜெசிந்தா வெள்ளைப் பலகையில் மூன்று சொல் எழுதினாள்: பேசு, சாப்பிடு, வாழ். நிகழ்காலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று வகை வால். அதில்தான் போனில் நான் படுத்துவிட்டேன்.

“அங்கிள், ஃப்யூச்சர் ஈசி. வெர்பை முழுசா அப்படியே வச்சுக்கோங்க. பின்னாடி ‘ஏ’ மட்டும் ஒட்டுங்க. ஆப்லாரே, பேசுவேன். கொமெரே, சாப்பிடுவேன். பிபிரே, வாழ்வேன். எல்லாத்துக்கும் ஒரே வால்.”

மனசுக்கு இதமாக இருந்தது. எல்லாச் சரக்குக்கும் ஒரே ரேட். அரைமணி நேரம்தான் அந்தச் சந்தோஷம். பிறகு அந்த விதிக்கு அடங்காத கோணல்களை எழுத ஆரம்பித்தாள். செய்வேன், சொல்வேன், வைப்பேன், வருவேன். எனக்கு எதெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் கோணல்.

“டீச்சரம்மா, நேரா இருக்கிறத எல்லாம் வச்சு நான் என்ன பண்ண? நான் அங்க போயி வாழ்வேன்னா சொல்லப் போறேன்?”

“மனப்பாடம்தான் அங்கிள். வேற வழி இல்ல. ‘பெந்த்ரே’, வருவேன். பத்து வாட்டி சொல்லுங்க.”

சொன்னேன். கீழேயிருந்து அவள் அப்பா, “என்னண்ணே, மேல யாரைப் பேத்துருவேன்னு மெரட்டிட்டு இருக்கீங்க?” என்று கத்தினார்.

சனிக்கிழமை முழுவதும் மழை. கால் விறைத்து, முழங்கால் குத்தி, பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது மூட்டை சுமப்பதைவிடக் களைப்பு. மூட்டையை இறக்கினால் தோள் லேசாகும். இது இறங்குவதே இல்லை. ஒன்று மட்டும் சட்டென்று பிடிபட்டது. ஒருவர் இப்போது வீட்டில் இருக்கிறாரா என்று தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்லும்போதும் அவர்கள் எதிர்காலத்தைத்தான் போடுவார்களாம். குழப்பமாக இருக்கும் என்று ஜெசிந்தா தயங்கினாள்.

“இதுல என்ன கொழப்பம்? ‘அவரு வீட்லதான் இருப்பாரு’ம்போம். போய்ப் பாத்தா இருக்க மாட்டாரு.”

“அதேதான் அங்கிள்! இதுக்கு நான் ஒரு ஹவர் பிளான் பண்ணி வச்சிருந்தேன்.”

“அப்ப அந்த ஒரு மணி நேரத்துக் காச…”

“குடுக்க மாட்டேன்.”

சம்பந்தியம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று எனக்குள் முடிவு இருந்தது. வருவேனா மாட்டேனா என்பதற்கு முன்னால், பெண்ணைப் பெற்றவன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிரசவச் செலவு முழுவதும் என்னுடையது. ‘யோ பகாரே தோதோ.’ எல்லாம் நான் கொடுப்பேன். இந்தச் சொல் கோணலும் இல்லை. அந்த ஊரில் கடன் பத்திரத்துக்குப் பெயரே ‘பகாரே’தான் என்று ஜெசிந்தா சொன்னதும் ரொம்பப் பிடித்துப்போனது. இதைக் கம்பீரமாகச் சொல்லிவிட்டால், வராததற்கு ஈடாகிவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதே பேக்கரி மாடியிலிருந்து வீடியோவில் அழைத்தேன், அவர்களுக்கு மத்தியானம் ஒன்றரை. சமையலறையில் கார்மென், பக்கத்தில் வயிற்றைத் தாங்கியபடி கயல். நான் சொன்னேன். நிறுத்தி, தெளிவாக.

கார்மென் கையிலிருந்த கரண்டியை வைத்தார். முகம் மாறியது. கயலிடம் வேகமாக என்னவோ கேட்டார். கயலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அப்பா, இங்க ஆஸ்பத்திரிக்குக் காசே கெடையாதுப்பா. யாருக்குக் காசு குடுக்கப் போறாரு, எனக்கான்னு கேக்குறாங்க. கோவப்பட்டுட்டாங்க.”

“ஏம்மா, நம்ம மொறையச் சொல்லு. பொண்ணு வீட்டுக்காரங்க…”

“சொல்லிட்டேன். அதுக்கும் கோவந்தான்.”

அந்த அம்மா இப்போது நேராகக் கேமராவைப் பார்த்தார். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல, மூன்றே சொல். “பெரோ உஸ்தெத் பெந்த்ரா?” ஆனால் நீங்கள் வருவீர்களா?

அவர் கேட்ட கேள்வி மொழிபெயர்ப்பு இல்லாமல் எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை. புரியாமல் இருந்தபோது எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கேமராவுக்குப் பின்னால் ஜெசிந்தா உதட்டை அசைத்துக் காட்டினாள். நான் பார்க்கவில்லை. ராசுவின் கொடி கண்ணுக்குள் நின்றது. கயல் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இவளைச் சுமந்தபோது அவள் அம்மா நின்ற மாதிரியே.

“பெந்த்ரே” என்றேன்.

கார்மென் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். கயல்தான் கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டவில்லை.

மலையில் ஒரு முறை உண்டு. தோட்டக்காரரிடம் சொன்ன சொல்லை மாற்றுவதானால் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். போனில் மாற்றினவன் மறு வருடம் அந்த வேலிக்குள் கால் வைக்க முடியாது. அதனால் திங்கள் காலை, நேர்ரோட்டில் இரண்டரை மணி நேரத்தில் வீடு போய்ச் சேர வேண்டியவன், மறுபடி அதே வளைவுகளில் தாண்டிக்குடிக்குப் போனேன். ராசு ஜீப்புக்கு அடியில் படுத்து என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். தைக்கு வர முடியாது என்று. அவர் வெளியே வரவில்லை.

“மொளகு மாசி வரைக்கும் ஒங்களுக்காகக் கொடியில தொங்காதுண்ணே. அந்தக் கேரளாக்காரனுக்குத்தான் குடுப்பேன்.”

“குடுங்க.”

“பேரப்புள்ளைக்கு மொளகு வெல சொல்லிக் குடுக்கப் போறீங்களாக்கும்.” கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம். “அங்க வருவேன்னு சொல்லிட்டீங்களா?”

“அவங்க பாசையிலயே சொல்லிட்டேன்.”

“அது நிக்குமா? இல்ல, வெள்ளிக்கெழம எனக்குச் சொன்ன மாதிரியா?”

டீ கூடக் கேட்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. சொந்த வண்டி என்றால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், பஸ்ஸில் வேண்டாம். தண்ணீருக்குச் சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள். முழங்கால் வலிக்காரர்கள் கார்த்திகையில் போகாதீர்கள். மொழி படிக்கப் போனால் கோணல் வினைகளை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், நேரானவை காத்திருக்கும். வியாபாரிகள் கவனம்: அந்த மொழியில் ‘விற்பேன்’ என்பது ‘பெந்தெரே’, ‘வருவேன்’ என்பது ‘பெந்த்ரே’, இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும்.

விமான டிக்கெட்டில் இரண்டு வகை உண்டு. ரத்து செய்தால் பணம் திரும்ப வருவது விலை கூடுதல், வராதது விலை குறைவு. இதுவரை எதிலும் திரும்பி வர வழி இல்லாமல் நான் கால் வைத்ததில்லை. பஸ் பெரும்பாறை இறக்கத்தில் இருந்தபோது சிக்னல் கிடைத்தது. குறைந்த விலையானதைப் போட்டேன். தை ஆறாம் தேதி.