முகம் போடாத வட்டங்கள்

மாதேஸ்வரியின் நோட்டில் எழுத்து குறைவு, கைகள் அதிகம். கட்டத்துக்கு ஒரு கை. அதற்கு மேல் பட்டாணி அளவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு புருவமும் ஒரு வாயும். கை வரைவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. முகம்தான் உயிரை வாங்கும். மழை என்று கை சொல்லும்போது புருவம் ஏறினால் மழையா என்று கேள்வி. கன்னம் உப்பினால் அடைமழை. முகம் இல்லாத கை பாதிப் பேச்சுத்தான்.

இந்த வட்டம் போடும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் மேகலா. ஓசூர் சிப்காட்டில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் இருவருக்கும் எதிரெதிர் இருக்கை. இருவருக்கும் காது கேட்காது. உள்ளே போனால் தலையில் தொப்பி, மூக்குவரை மாஸ்க். கையால் நாலு வார்த்தை பேசினாலும் வாயும் கன்னமும் சொல்ல வேண்டியது மாஸ்க்குக்குள்ளேயே நின்றுவிடும். டீ நேரத்தில் மேகலா ஒரு வீணான லேபிளை எடுத்து, காலையில் சொன்னதைக் கையும் முகமுமாக வரைந்து நீட்டுவாள். "மாஸ்க் தின்னது போக மிச்சம். இந்தா, வச்சுக்கோ" என்று விரல்கள் கேலி செய்யும். சூப்பர்வைசர் ஹரீஷ்குமாருக்கு அவள் வைத்த சைகைப் பெயர், மணிக்கட்டில் இரண்டு தட்டு. ஓயாமல் வாட்ச் பார்ப்பவர். அந்தத் தட்டுக்கு மேல் ஒரு புருவத்தைத் தூக்கி, வாயை ஒரு பக்கம் கோணலாக்கி வரைந்துவிட்டால் ஆள் அப்படியே வந்து நிற்பார்.

லைனில் மற்றவர்கள் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டி கன்னடத்தில் சமாதானமாவார்களாம். மாதேஸ்வரிக்கு மூன்றும் ஒன்றுதான், அசையும் மாஸ்க். உத்தனப்பள்ளியில் தக்காளி போடும் அப்பா, அம்மாவோடும் இருபது சைகைக்கு மேல் கிடையாது. சாப்பிடு, தூங்கு, பஸ், வா. அவள் பி.காம். முடித்தவள், அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். பட்டம் வாங்கிய போட்டோ சுவரில் தொங்குகிறது. அது என்ன படிப்பு, படித்துவிட்டு ஏன் போர்டில் திருகு போடுகிறாள் என்று பேசிக்கொள்ள அந்த இருபதில் ஒன்றும் இல்லை.

தை மாதம் மேகலாவுக்குக் கல்யாணமாகி காவேரிப்பட்டினம் போனாள். கணவன் சுபாஷுக்குக் காது கேட்கும், மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை. மேகலாவிடம் தனி போன் கிடையாது. ஞாயிறு பதினோரு மணிக்கு சுபாஷின் போனில் வீடியோ கால். கூடத்தில் மாமியார் முத்துமணி, நாத்தனார் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வாரம் மேகலா மேகலாவாகத்தான் இருந்தாள். பிறகு வாரத்துக்கு வாரம் அவள் முகம் அடங்கிக்கொண்டே வந்தது. நான்காம் ஞாயிறு, பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பதுபோல் இருந்தது. கைகள் மட்டும் பேசின. நன்றாக இருக்கிறேன். அத்தை நல்லவர். வேலை நிறைய. இப்போது வராதே, வெயில். கன்னம் உப்பவில்லை, புருவம் அசையவில்லை.

மாதேஸ்வரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் சைகை தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் முகத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்படியென்றால் அவர்கள் படித்துவிடக் கூடாத எதையோ மேகலா மறைக்கிறாள். திங்கட்கிழமை மூன்று போர்டைத் தலைகீழாக மாட்டினாள். ஹரீஷ்குமார் வாட்சைப் பார்த்தார். போய்ப் பார்த்துவிடலாமா? வராதே என்றவளைத் தேடிப் போனால், அங்கே அவளுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டால்?

அன்று ஷிஃப்ட் முடிந்ததும், அந்த வீடியோ காலில் மேகலாவின் கைகள் சொன்னதை நோட்டில் வரிசையாக வரைந்தாள். மேலே வட்டங்களை மட்டும் வெறுமையாக விட்டாள். தாளைக் கிழித்து, கீழே 'முகம் போட்டு அனுப்பு' என்று எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு கவரும் உள்ளே வைத்து தபாலில் சேர்த்தாள். பார்ப்பவர்களுக்கு அது சின்னப் பிள்ளை கிறுக்கல். பிறகு ஒரு பையில் இரண்டு சுடிதாரை மடித்து வைத்து, ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஒரு வாய் கீழே வளைந்து வந்தாலும் கிருஷ்ணகிரி பஸ் ஏறி அவளிடம் போய்விடுவது என்று முடிவு.

ஒன்பதாம் நாள் மாலை ஹாஸ்டல் வார்டன் மேரிராணி அக்கா கவரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லா வட்டமும் நிரம்பியிருந்தது. நன்றாக இருக்கிறேன் என்பதற்கு மேல் வாய் நன்றாகவே மேலே வளைந்திருந்தது. அத்தை என்ற கைக்கு மேல் ஒரு புருவம் தூக்கிய, வாய் கோணிய முகம். ஹரீஷ்குமாரின் முகம்! மாதேஸ்வரி சிரித்துவிட்டாள். வேலைக்கு உப்பிய கன்னம், தொங்கும் நாக்கு, வியர்வைச் சொட்டு. வெயிலுக்கு இடுங்கிய கண், அவ்வளவுதான். பின்பக்கம் மேகலா எழுதியிருந்தாள்.

"பிள்ளைங்க என் மூஞ்சி மாதிரி செஞ்சு சிரிக்குது. அத்தை கோணாதே சொன்னாங்க. அதனால போன்ல முகம் கட்டி வச்சேன். தனியா இருக்கும்போது சுபாஷுக்கு முகம் சொல்லித் தர்றேன். இப்ப புருவம் தூக்க வருது."

மாதேஸ்வரி இரண்டு தரம் படித்தாள். பிள்ளைகள் மீது கோபம் வந்தது. சுபாஷின் புருவத்தை நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த பை கண்ணில் பட்டது. ஒன்பது நாளாகத் தான் காத்திருந்தது எதற்கு? மேகலா நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளவா, அவளுக்குத் தன் தேவை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவா? முகம் அசையாத அந்த நாலு வரியில் அவள் தேடித் தேடிப் படித்தது யாருடைய துக்கத்தை? பையை வெளியே இழுத்தாள். சுடிதார்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

தாளின் அடியில் புதிதாக ஒரு கை இருந்தது, மேகலா வரைந்தது. எதிரே நீட்டிய சுட்டுவிரல். நீ. அதற்கு மேல் ஒரு வட்டம், உள்ளே ஒன்றுமில்லை.

மாதேஸ்வரி தன் முகத்தை இதுவரை வரைந்ததில்லை. தான் பேசிய வரிகளுக்கு மேல் அவள் வட்டமே போடமாட்டாள். தன் முகம் தனக்கா தெரியும்? டீ நேரத்தில் மேகலாதான் அவள் பென்சிலைப் பிடுங்கி அதைப் போட்டுக் கொடுப்பாள்.

போனின் முன்கேமராவைத் திறந்து ஜன்னலில் சாய்த்து வைத்தாள். முதலில் வட்டத்துக்குள் வாயை மேலே வளைத்து வரைந்தாள். கேமராவில் இருந்தவளுக்கு அந்த வாய் இல்லை. அழித்தாள். புருவங்களின் உள்முனையைக் கொஞ்சம் ஏற்றி, வாயை ஒரு நேர்கோடாக இழுத்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, அதையும் போட்டாள். வரைந்து முடித்தபோது, அந்தச் சின்ன வட்டத்திலிருந்து யாரோ தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

இதைப் பார்த்தால் மேகலா வருத்தப்படுவாளே என்று ரப்பரை எடுத்தாள். எடுத்த ரப்பரைக் கீழே வைத்துவிட்டு, தாளை மடித்துக் கவரில் போட்டு ஒட்டினாள். மனசு மாறுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, தபால் பெட்டியை நோக்கிப் படியிறங்கினாள்.