திருநெல்வேலிக்குப் போன அல்வா டப்பா

தேசியக் கொள்கை எழுத உதவுவது என்பது, பந்தியில் யார் உட்காரப்போகிறார்கள் என்று தெரியாமலே பந்திக்குச் சமையல் குறிப்பு எழுதுகிற தொழில். சாப்பிட வருகிறவருக்குப் பல் இருக்கிறதா என்பதே பரிமாறிய பிறகுதான் தெரியவரும்.

வரைவு, திருத்திய வரைவு, இறுதி, உண்மையிலேயே இறுதி என்று கோப்புகளுக்குப் பெயர் வைத்து வைத்தே முதுகு வளைந்துபோன என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒரு சர்வதேசச் சுகாதார அமைப்பில் காசநோய்ப் பிரிவில் இருக்கிறேன். அரசாங்கம் தேசியத் திட்டம் தீட்டும். மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்று சொல்வது, எழுதிக் கொடுப்பது, அடித்ததை மறுபடி எழுதுவது எங்கள் வேலை. வீடு செம்பூர் பக்கம் திலக் நகர். களப்பணி பெரும்பாலும் தாராவி. கீழே வரும் பெண்ணின் பெயரை மாற்றியிருக்கிறேன். கதையைச் சொல்ல அவளே அனுமதி கொடுத்தாள்.

மேல்வீட்டு மாமியின் முழங்கால்

நான் டாக்டருக்குப் படித்தவள்தான். ஆனால் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்து வருஷக்கணக்காகிறது. இது எங்கள் கட்டடத்தில் யாருக்கும் புரிவதில்லை. மாட்டுங்காவிலிருந்து இங்கே குடிவந்த மேல்வீட்டு மாமி ஒருநாள் முழங்கால் வலியென்று படியிறங்கி வந்தார். "மாமி, நான் வைத்தியம் பார்க்கறதில்லே, கொள்கை வகுக்க உதவறேன்" என்று ஆரம்பித்து, நாடு, மாநிலம், மாவட்டம் என்று மருந்து எப்படிப் போய்ச் சேரவேண்டும் என்பதை விலாவாரியாக விளக்கினேன். மாமி பொறுமையாகக் கேட்டார். என் காபியை முழுக்கக் குடித்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொன்னார்: "மருந்தும் தரமாட்டே, ஊசியும் போடமாட்டே. அப்புறம் எதுக்குடி உன்னை ஃபாரின்ல இருந்தெல்லாம் கூப்பிடறா?"

கை கழுவும் இடத்தில் கருத்துக் கேட்பு

திட்டம் எழுதுவதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. மாட்டுங்காவில் ஒரு ஹாலை எடுத்து, தாராவியிலிருந்து ஆட்களை வரவழைத்தோம். கூட்டி வந்தவர் ஜெபமணி. நோயாளிகளின் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், குரலுக்கு மைக் தேவையில்லை. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சபை ஒரே பதிலைத்தான் சொன்னது: "எல்லாம் நல்லா இருக்கு மேடம்." நானும் நன்றி சொல்லி முடித்தேன். எல்லாரும் இட்லிக்கு எழுந்தார்கள். "இப்பத்தான் மேடம் கூட்டமே ஆரம்பம், குழாய்ப் பக்கம் வாங்க" என்று ஜெபமணி என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

உண்மைதான். கை கழுவும் இடத்தில்தான் நம் ஜனங்கள் வாயைத் திறக்கிறார்கள். துப்பட்டாவால் வாயை மூடிய ஓர் இளம்பெண் குழாயைத் திருகுவதும் மூடுவதுமாக நின்றாள். பெயர் ஸ்டெல்லா, பை தைக்கும் பட்டறையில் வேலை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊருக்குப் போனால் அங்கே மாத்திரை கிடைக்குமா என்று கேட்டாள். தனக்கில்லையாம், பக்கத்து வீட்டு அக்காவுக்காம். முன்கூட்டியே இங்கே சொன்னால், இங்கிருந்து அங்கே தெரிவிப்பார்கள், அங்கே கொடுப்பார்கள் என்று விதியை ஒப்பித்தேன். அவள் தலையாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஊர்ல தெரிஞ்சா கல்யாணம் நின்னு போயிரும் மேடம்... அந்த அக்காவுக்கு."

பூட்டுகளைப் பார்வையிட வந்தவர்

அன்று வீட்டுக்கு வந்ததும் வரைவில் ஒரு பத்தி சேர்த்தேன். சிகிச்சையில் இருப்பவர் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் அங்கே முதலில் மாத்திரை, விசாரணை பிறகு. முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்ற நிபந்தனையே கூடாது. பத்தி டெல்லிக்குப் போனது. களத்தில் நிலைமை எப்படி என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஹென்ரிக் வந்தார். நல்ல மனுஷன், வெயில் பட்டால் தக்காளிபோலச் சிவந்துவிடுவார். அவர் வருகைக்கு எல்லா அலுவலகங்களும் கூடி, அவர் நாட்டுப் பள்ளி விடுமுறைவரை பார்த்து நாள் குறித்தன. குறித்தது மே மாதம்.

மே மாதத்தில் தாராவித் தமிழர் தாராவியில் இருக்கமாட்டார் என்பது மும்பையில் குழந்தைக்கும் தெரியும். எந்த அலுவலகத்துக்கும் தெரியவில்லை. சந்துக்குள் நுழைந்தால் பூட்டு, பூட்டு, பூட்டு. ஸ்டெல்லா வீட்டிலும் பூட்டு. 'சிகிச்சையைக் கைவிட்டவர்கள்' என்று ஹென்ரிக் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். ஜெபமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரில் கோயில் அசனம், அதாவது கிறிஸ்தவர்கள் ஊர்கூடி ஒரே பந்தியில் சாப்பிடும் திருவிழா, அதற்குப் போயிருக்கிறார்கள் என்று விளக்கினார். கைவிடுவதற்கும் ஊருக்குப் போவதற்கும் வித்தியாசம் தெரியவேண்டாமா என்று என்னிடம் தமிழில் பொரிந்தார். பிறகு ஹென்ரிக்கைப் பார்த்துச் சொல்லி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்: "சார், பூட்டின வீட்டுல சீக்காளி இல்ல. சீக்காளி ரயிலேறிப் போயாச்சு. நீங்க பூட்ட எண்ணாதீங்க, ரயிலப் பாருங்க."

பீரோ சாவி

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டோம். சீக்கிரம் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக் கொஞ்ச நாளுக்கான மாத்திரையோடு போயிருந்தாள். போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் அசனத்துக்கே வருவதாகச் சொல்லி, பயணம் நீண்டுவிட்டது. மாத்திரை தீரப்போகிறது. இந்த நோயில் இருமல் முதலில் போய்விடும், கிருமி போகாது. பாதியில் நிறுத்தினால் மிச்சம் இருப்பது திமிறிக்கொண்டு வரும். அப்போது இந்த மாத்திரைகளுக்கு மசியாமலும் போகலாம்.

பெரிய இடத்து ஆள் பேசினால் நடக்கும் என்ற அசட்டு நம்பிக்கையில், அந்த ஊருக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு நானே பேசினேன். ஸ்டெல்லா பெயரைச் சொல்லாமல், மும்பை நோயாளி ஒருவர் வந்தால் மாத்திரை தருவீர்களா என்று கேட்டேன். தேசிய அளவில் இதைப் பற்றி என்னென்ன யோசித்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்: "நல்லதுதான் மேடம். உங்க கொள்கை டெல்லில இருக்கு, மாத்திரை இங்க பீரோவுல இருக்கு, சாவி வச்சிருக்கவரு அசனத்துக்குப் போயிருக்காரு."

தாதர் பிளாட்பாரத்தில்

சாவி வரும்வரை காத்திருக்கலாம் என்றால், அந்தச் சாவிக்காரர் ஸ்டெல்லாவுக்குச் சித்தப்பா முறை. அவரிடம் போவதற்குப் பதில் மாத்திரையையே விட்டுவிடுவேன் என்று போனில் அழுதாள். ஆக, தாராவி வழிதான் மிச்சம். ஊருக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் நாலு வீட்டுச் சாமான் அவர் கையில் போகும், மறுப்பது மரியாதையில்லை. ஜெபமணி டாக்டரிடம் முறைப்படி அனுமதி வாங்கி மாத்திரை அட்டைகளை எடுத்து வந்தார். யாருக்கும் தெரியக்கூடாதே, எதில் வைப்பது? "அல்வா டப்பா!" என்றார் ஜெபமணி. மும்பைக்கே உரிய மாஹிம் அல்வா ஒரு டப்பா வாங்கி, உள்ளே இருந்ததை நானும் அவரும் ஹென்ரிக்கும் தின்று தீர்த்தோம். இப்படி ஒரு விநியோகச் சங்கிலியை எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று ஹென்ரிக் விரலை நக்கிக்கொண்டார்.

தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஞானதுரை அண்ணாச்சி அதே ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தாதர் பிளாட்பாரத்தில் அவரைச் சுற்றி மூட்டைகள் மலைபோல் கிடந்தன. டப்பாவை நீட்டி, ஸ்டெல்லா கையில்தான் கொடுக்கவேண்டும் என்று சொன்னோம். அவர் அதையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "திருநெல்வேலிக்கே அல்வா அனுப்புதியளா? நடத்துங்க, நடத்துங்க. போன தடவ கிரைண்டரே தூக்கிட்டுப் போனவன், இது என்ன கனமா?"

குக்கர் சத்தத்தில் ஒரு கூட்டம்

டப்பா போய்ச் சேர்ந்தது. ஸ்டெல்லா விடாமல் சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாக இருந்தோம். டெல்லியோடு வீடியோ கூட்டம் இருந்த நாள், காலையில் அவளிடமிருந்து போன். ஒரே அழுகை. "மாப்பிள்ளையோட அம்மா டப்பாவத் தொறந்துட்டாங்க மேடம்" என்பது மட்டும் புரிந்தது, லைன் போய்விட்டது. திருநெல்வேலிக்காரர் வீட்டில் அல்வா டப்பாவைத் திறக்காமல் வைத்திருப்பார்களா? எங்கள் மூவருக்கும் அது தோன்றவே இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு டப்பாவில் வைத்து அனுப்பிவிட்டோமே என்று நொந்துகொண்டு அவள் எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டேன், கிடைக்கவில்லை.

அந்த மனநிலையில் கூட்டத்தில் உட்கார்ந்தேன். அடுப்படியில் குக்கர் கூவியது. எங்கள் பத்தியை எடுத்துவிடலாம் என்றார் டெல்லி அதிகாரி ஜோஷி. ஏற்கெனவே விதி இருக்கிறதே, முன்கூட்டிச் சொன்னால் போதுமே என்று நியாயமாகத்தான் கேட்டார். சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்றேன். யாரையும் அடையாளம் காட்டாமல் அல்வா டப்பா கதையைச் சொன்னேன். ஊர் திரும்பியிருந்த ஹென்ரிக் திரையில் கையைத் தூக்கினார். "கைவிட்டவர் என்று நான் எழுதியது தவறு. அவர் மாத்திரைக்காகக் காத்திருந்தார். கைவிட்டது நம் ஏற்பாடு" என்றார். பிறகு ஜோஷி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்: "மேடம், தேசிய ஆவணத்தில் அல்வாவை அடிக்குறிப்பாகப் போட முடியாது. பத்தி இருக்கட்டும்."

டப்பா திறந்த கதை

மழை ஆரம்பித்த பிறகு ஸ்டெல்லா தாராவிக்குத் திரும்பினாள். கையில் அல்வா; இந்த முறை உள்ளே அசல் அல்வா. இடையில் போனில் "நேர்ல வந்து சொல்றேன் மேடம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்; நடந்ததை ஜெபமணியும் நானும் அப்போதுதான் முழுதாகக் கேட்டோம். கோயிலில் கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, எந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது என்பதுவரை பேச்சு போயிருந்ததாம். பெண் வீட்டுக்கு வந்த இடத்தில், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமென்று மாப்பிள்ளையின் அம்மாவே எட்டி டப்பாவை எடுத்திருக்கிறார். மூடியைத் திறந்தால் மாத்திரை அட்டை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று ஸ்டெல்லா முனகினாள். அந்த நேரத்தில்தான் பின்கட்டுக்கு ஓடி எனக்குப் போன் செய்திருக்கிறாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அந்த அம்மா ஓர் அட்டையும் செம்பில் தண்ணீருமாக வாசலை மறித்து நின்றார். அந்த மாத்திரையை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. புருஷன் சாப்பிட்டது. இருமல் நின்றதும் சரியாகிவிட்டது என்று விட்டவர், மறுபடி நோயில் விழுந்தபோது எழுந்திருக்கவில்லை. "இன்னைக்குள்ளது சாப்பிட்டியா?" என்று கேட்டாராம். இல்லை என்று தலையாட்டினாள். அவளை உட்காரவைத்து, அவள் தலையைத் தடவி, அந்த அம்மா சொன்னதை ஸ்டெல்லா எங்களுக்கு அதே குரலில் சொல்லிக் காட்டினாள்: "ஏட்டி, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேத்து நீயே முழுங்கு. எங்க வீட்டுக்காரரு பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. நீ முழுசா முடி, பொறவு கோயில்ல ஓலை வாசிச்சுக்கிடுவோம்."

ஸ்டெல்லா முழுசாக முடித்தாள், ஓலையும் வாசித்தாயிற்று, பத்தியும் அச்சேறிவிட்டது. பல நாட்டு அனுபவங்களைத் திரட்டி நாங்கள் எழுதிய 'முதலில் மாத்திரை, விசாரணை பிறகு' கொள்கையை இந்தியாவில் முதன்முதலாக அமல்படுத்தியவர், அதை இன்றுவரை படித்தே இராத ஒரு மாமியார்.