அத்தைக்குப் பலம் இல்லை

பிள்ளைகளா, படக்கதையில் வரும் வீரன் ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் ஊரே அவனைத் தெரியாமல் முழிக்கிறதே, அவ்வளவு மடையர்களா என்று நேற்றுச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மடையர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்கு எட்டு வயது. கேமரன் மலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டில் அப்பாவின் தங்கையும் எங்களோடு இருந்தாள். தேயிலைக்கு இடையில் களைமருந்து அடிக்கும் வேலை. ஆண்பிள்ளைச் சட்டை, பூட்ஸ், கண் மட்டும் தெரியும்படி முகத்தில் சுற்றிய துணி. மருந்தடிக்கும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். மருந்துக்காற்றில் அத்தைக்கு நெஞ்சு கெட்டு, இருமல் நிற்கவேயில்லை. பெக்டரி என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

ஒருநாள் மழைவெள்ளம் ஓடிய ஓடையில் விழுந்துவிட்டேன். ஆண்சட்டைக் கை ஒன்று என் தலைமுடியைப் பிடித்தது தெரியும். கண் திறந்தபோது லோரி டிரைவரின் தோளில் இருந்தேன். உயரமான ஆள், தோல் ஜாக்கெட். கரையில் என்னை வாங்கி ஆபீசுக்குத் தூக்கிவந்தவர் அவர். என்னைச் சாத்திய தோளைத் தவிர ஜாக்கெட் நனைந்திருக்கவில்லை. அப்போது அதை நானும் கவனிக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை.

காப்பாற்றியவர் கேட்கும் வேலையைத் தருவதாகத் தோட்ட மேலாளர் துரை சொன்னார்.

பின்னால் ஓடிவந்த அத்தை முகத்துணியை அவிழ்த்தாள். "நான்தான் தொர எறங்கி இழுத்தேன். என்னைய பெக்டரில போடுங்க."

ஆபீஸ் கணக்கரான கிராணி சிரித்தார். "நீயா? இருமி விழுந்தா ஒன்னயத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும்லா! மருந்து டின்னு ஒழுகி நனைஞ்சிருப்பே."

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் தரையைப் பார்த்தார்.

கிராணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயே சொல்லு. யாரு?"

நான் டிரைவரைக் காட்டினேன். "அத்தைக்குப் பலம் இல்ல சார்."

நிறைந்த டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மலையேறுகிறவளைத்தான் அப்படிச் சொன்னேன். தொழிற்சாலை வேலை டிரைவருக்குப் போனது. அத்தை என்னை அடிக்கவில்லை. "சளி புடிச்சிரும்டா" என்று தலையைத் துவட்டிவிட்டாள். மறுநாள் மருந்தடிக்கப் போனாள். சாகும் வருடம் வரைக்கும் போனாள். அந்த நனையாத ஜாக்கெட் எனக்கு உறைத்தபோது, மன்னிப்புக் கேட்க அவள் இல்லை.

ஓடையில் விழுந்த அன்று சாயங்காலமே ஆளில்லாத நேரம் பார்த்து, அடுப்புக்கரியால் லயத்தின் பின்சுவரில் என்னைக் காப்பாற்றியவரை வரைந்தேன். தோள் எவ்வளவு அகலமாக வந்தும் எனக்குப் போதவில்லை. கடைசியில் பெரிதாக ஒரு மீசையும் வைத்தேன்.