காப்புப் போட்ட கை

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில், மூன்றாம் மாடியில் இருக்கும் நிப்லா கெட்ட மனுசி இல்லை. கலியாணத்துக்கு முதல் ஹெவ்லொக் டவுனில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தவள். பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று கூட்டாளிமார் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவள்தான் தன் காப்பைக் கழற்றி இன்னொருத்தி கையில் போட்டு, பெற்ற பிள்ளையின் தகப்பனை ஏமாற்றினாள்.

மகள் அய்னா வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. வீட்டுக்கு வந்து முதல் தடவை நிப்லா எண்ணெய் பூச உட்கார்ந்தபோது, அந்தச் சின்ன உடம்பு வழுக்கிக் கையை விட்டுப் போகப் பார்த்தது. பிள்ளை வீறிட்டது. நிப்லாவுக்கு உயிர் போய் வந்தது. அதன் பிறகு அவள் எண்ணெய்ப் போத்தலைத் தொடவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வரும் இராமலெட்சுமியிடம் அந்த வேலையை விட்டாள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளை குளிப்பாட்டுவது இராமலெட்சுமியின் பிழைப்பு. அவள் காலில் போட்டால் அய்னா கொட்டாவி விடுவாள். தான் பெற்ற பிள்ளையை இப்படிக் கதவோரம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நிப்லாவுக்குப் பொறாமை வரும். அந்தப் பொறாமையை நினைத்து வெட்கமும் வரும்.

கணவன் ஷாமில் கட்டாரில் ஒரு கடையில் வேலை செய்தான். பிள்ளை பிறந்தபோது லீவு கிடைக்கவில்லை. மகள் குளிப்பதைப் பார்க்க ஆசையென்று கேட்டான். நிப்லா ஃபோனைப் பவுடர் டின்னில் சாய்த்து வீடியோ எடுத்தாள். கண்ணூறு படும், பிள்ளையின் முகத்தைப் படத்தில் காட்டவே கூடாது என்பது நுகேகொடையில் இருக்கும் மாமியின், அதாவது ஷாமிலின் உம்மாவின் கட்டளை. ஆகவே படத்தில் விழுந்தவை இரண்டு சின்னக் கால்களும், அவற்றை நீவிவிடும் இரண்டு கைகளும் மட்டும்தான்.

ஷாமில் குரல் பதிவு அனுப்பினான். "நிப்லா, ஒங்கட கையில மகள் என்னா சொகமா கெடக்குறா. பாக்கப் பாக்கக் கண் கலங்குது."

'அது எண்ட கை இல்ல' என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? நிப்லா எழுதினாள், அழித்தாள், ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஷாமில் குடும்ப குரூப்பிலும் ஒன்று போடச் சொன்னான். மாமி எதையும் உற்றுப் பார்க்கிறவர். நிப்லா கலியாணத்துக்குப் போட்ட காப்பைக் கழற்றி நீட்டினாள்.

"இதப் போட்டுக்கொண்டு செய்யுங்க அக்கா. வீடியோவுக்கு வடிவா இருக்கும்."

இராமலெட்சுமி காப்பைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. "வேணாங்க நோனா, கழட்டுறப்ப செரமப்படும்" என்றாள். நிப்லா விடவில்லை. எடுத்து முடிந்ததும், பிள்ளையைத் துடைக்கக்கூட நேரம் கொடுக்காமல் காப்பைத் திருப்பிக் கேட்டாள். சவர்க்காரம் போட்டு இழுத்ததில் அந்த மனுசியின் கை சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பை நினைத்தால் நிப்லாவுக்கு இன்றைக்கும் முகம் சுருங்கிவிடும்.

குரூப்பில் பாராட்டுக் குவிந்தது. மாமி, "மாஷா அல்லாஹ், எண்ட மருமகட கைராசி" என்று எழுதினார்.

சில கிழமைகளில் ஷாமில் சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்து நின்றான். நிப்லாவுக்குச் சந்தோஷத்தோடு கலக்கமும் வந்தது. இராமலெட்சுமிக்குக் கோல் எடுத்து, அவர் லீவில் நிற்கும் வரைக்கும் வர வேண்டாம் என்றாள். "சரிங்க நோனா" என்றாள் அவள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நிப்லாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை ஷாமில் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். "இப்ப நேர்ல பாக்கப் போறன்."

நிப்லா காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொண்டாள். அய்னா முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள், உடம்பை விறைத்தாள், கால்களை இழுத்துக்கொண்டாள். நிப்லா பதறிப்போய் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பிள்ளை மூச்சுப் பிடித்து அழுதது.

ஷாமில் எழுந்துவிட்டான். "என்னக் கண்டுதான் பயப்படுறா. நான் முகம் தெரியாத ஆள்தானே. வெளியில நிக்கிறன், நீங்க செய்யுங்க."

நிப்லா வாயைத் திறக்கவில்லை. காப்பு விஷயத்தைவிட இதுதான் பெரிய பாவம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும், குளிப்பாட்டும் நேரம் வந்தால் அவன் தானாகவே பல்கனிக்குப் போய், பிள்ளை காணாதபடி முதுகைக் காட்டி நின்றான். உள்ளே பிள்ளை கத்தினால் இன்னும் ஓரமாக ஒதுங்கினான்.

ஒரு நாள் சலூனுக்குப் போய்விட்டு வந்தான். கலியாணத்துக்கு முதலே வளர்த்த தாடி. அதைச் சுத்தமாக மழித்திருந்தான்.

"தாடிக்குத்தான் பயம்போல இரிக்கி" என்று சிரிக்கப் பார்த்தான். மழித்த இடம் வெளிறிப்போய், யாரோ ஒரு பள்ளிப் பொடியனைப் போல இருந்தான்.

நிப்லாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வீடியோவுல உள்ளது எண்ட கை இல்ல. காப்பு மட்டும்தான் எண்ட. கை, குளிப்பாட்ட வார இராமலெட்சுமி அக்காட. பிள்ள ஒங்களுக்குப் பயந்து அழல்ல. என்னட்ட வந்துதான் அழுவுறா."

ஷாமில் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நல்லது. "அந்தக் கையத்தானே நான் ஃபோன்ல பாத்துப் பாத்து..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. காது சிவந்துவிட்டது.

பிறகு, "அப்ப மகளுக்கு எங்கட ரெண்டு பேரயும் தெரியாது" என்றான்.

நிப்லா இராமலெட்சுமிக்குப் பேசி மன்னிப்புக் கேட்டாள். "அதுக்கென்னங்க நோனா" என்ற பதில் அவளை இன்னும் கூசவைத்தது. காப்பைக் கழற்றி அலுமாரியில் வைத்தாள். ஷாமிலைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். எண்ணெயை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, அய்னாவின் ஒரு பாதத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பியதும் கையை எடுத்தாள். திரும்பிப் பார்த்ததும் மறுபடி வைத்தாள். இத்தனை நாளும் பிள்ளை தலையைத் திருப்பி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. அவமானத்தில் அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. முழங்கால் வரைக்கும் போனபோது அய்னா சிணுங்கினாள். நிப்லா அதோடு நிறுத்திக்கொண்டாள். பாதத்தை மட்டும் பிள்ளை இழுத்துக்கொள்ளவில்லை.

ஷாமில் எடுத்த வீடியோவை அவளே குரூப்பில் போட்டாள். வெறுங்கை, தட்டுத்தடுமாறும் விரல்கள், நடுவில் பிள்ளையின் அழுகை.

மாமி உடனே எழுதினார்: "இது யார்ட கை?"

"எண்ட கை, மாமி" என்று எழுதினாள் நிப்லா. அழிக்காமல் அனுப்பினாள்.