ஏணிக்குப் பொட்டு வைத்தவன்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப்பிழையும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆனையூரில் எங்கள் காலனிக்கு வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்று உண்டு. சைக்கிள் கடைக்காரனான என்னையும் கமிட்டியில் சேர்த்திருந்தார்கள். காரணம் என் அறிவு அல்ல. எதையும் எதிர்த்துப் பேச மாட்டேன் என்பதுதான். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கூட்டத்தில், புதிதாகக் குடிவந்த பள்ளி ஆசிரியர் எழுந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறுகிறவருக்கும் வாட்ச்மேனுக்கும் சங்கம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், நம் வேலையில் அடிபட்டால் நாம்தானே பொறுப்பு என்றார்.

"நாம என்ன மில்லா நடத்துறோம் சார்?" என்றார் செயலாளர். "அவரு இம்புட்டு வருசமா ஏறுறாரு. ஒரு நாளாச்சும் விழுந்திருக்காரா?"

"விழுந்ததுக்கப்புறம் எடுக்க முடியாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் சொன்னது சரியென்று எனக்குப் பட்டது. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

கடைசியில், ஆயுத பூஜை வருகிறது, தொட்டி ஏணிக்கும் சேர்த்துப் பூஜை போட்டுவிடலாம் என்று முடிவானது. பொட்டு வைக்கிற பொறுப்பு எனக்கு. பேச வேண்டியதில்லை என்பதால் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

மூங்கில் ஏணியைத் தரையில் கிடத்தி, படி படியாகச் சந்தனம் வைத்து வந்தேன். மேலே ஒரு படியில் விரிசல். சொல்லியிருக்கலாம். செயலாளர் தேங்காயை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். எல்லோர் கண்ணும் என்மேல். நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசுவானேன் என்று, விரிசல் மேலேயே சந்தனத்தை அப்பி, பெரிய குங்குமப் பொட்டாக வைத்தேன். பொட்டு அழகாயிருக்கிறது என்று ஒருவர் பாராட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம், தொட்டி கழுவ ஏறியவர் அந்தப் படி முறிந்து விழுந்தார். தொடை எலும்பு உடைந்துவிட்டது.

அவர் மனைவி கூட்டத்துக்கு வந்தார். "அவரு எந்திரிக்கிற வரைக்கும் வீட்டுல அடுப்பெரிய ஒரு வழி பண்ணுங்கய்யா."

"கால் வழுக்கி விழுந்ததுக்குச் சங்கம் என்னம்மா பண்ணும்?" என்றார் செயலாளர்.

"படி விரிஞ்சிருந்துச்சு. நான் பாத்தேன்."

யார் பேசியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பேசியது நான்தான்.

"பாத்துட்டு என்னய்யா பண்ணுன?" என்று செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"சந்தனம் வச்சேன்."

விழுந்தவர் எழுந்து நடக்கும் வரை வீட்டுக்கு வீடு வசூலித்துக் கொடுத்தோம். இன்சூரன்ஸும் எடுத்தோம். அது அடுத்து ஏறுகிறவருக்குத்தான் ஆகும், அவருக்கு ஆகவில்லை.

அவரைப் பார்க்கப் போனேன். கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற ஏணி கேட்டிருப்பேன்ல?"

அதற்கப்புறம் யாரும்தான் விழவில்லையே, இனி இன்சூரன்ஸ் எதற்கு என்று இப்போது மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு இன்னும் வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்: நிறுத்தாதீர்கள்.

1984, தை மாதம் பத்தாம் தேதி.