குடுக்கில் பாதி, தமிழில் பாதி

பக்கத்துக் கட்டிலருகே நின்ற பெண் ஜெபமாலையின் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: மீதியைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை. அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஆறு நாளாகக் கண் திறக்கவில்லை. "இனி அவங்க உடம்புதான் ஒத்துழைக்கணும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. பசிக்கவும் இல்லை. வாய் ஓயாத நான் மரக்கட்டை போல உட்கார்ந்திருந்தேன். கையில் ஜெபமாலை இருந்தது, உதடு அசையவில்லை.

அந்தப் பெண் சலோமி. நடவு வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து ஒரத்தநாட்டுப் பக்கம் வந்தவர். கட்டிலில் காய்ச்சலோடு நினைவில்லாமல் கிடந்தவர் அவருடைய அக்கா. அவர்கள் மொழி குடுக். எனக்கு 'மரியா' மட்டும்தான் புரிந்தது. ஆனால் எங்கள் வீட்டைப் போலவே ஒருவர் முற்பாதி, மற்றவர் பிற்பாதி. அக்கா சொல்லவேண்டிய இடத்தில் அமைதி.

"புனித மரியாயே..." என்று தமிழில் தொடர்ந்தேன். சலோமி திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு ஜெபமாலையின் அடுத்த மணிக்கு நகர்ந்தார்.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்த சித்தி, "என்னடி இது, ஆளுக்கொரு பாஷை! மாதா குழம்பிட மாட்டாங்க?" என்றார்.

"அவங்களுக்கு எல்லாம் புரியும் சித்தி. நீங்க உக்காருங்க."

சித்தியும் சேர்ந்துகொண்டார்.

எனக்குள் எதுவும் பொங்கவில்லை. விசுவாசம் இருந்ததா என்றுகூடத் தெரியாது. பதில் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. இப்படித் தொடங்கிய மூன்றாம் நாள் மாலை, சலோமி நிறுத்திய இடத்தில், அம்மாவின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை. கண் மூடியேதான் இருந்தது. ஆனால் பிற்பாதி முடியும்வரை அசைந்தன.

"நர்ஸம்மா, இங்க ஓடியாங்க!" என்று சித்திதான் கத்தினார்.

இன்று அம்மா பேசுகிறார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. சலோமியின் அக்கா தேறிவிட்டார். ஆண்டவர் எங்கள் ஜெபத்தைக் கேட்டார், நான் சாட்சி.

முன்பெல்லாம் மனம் ஒட்டாவிட்டால் ஜெபத்தை விட்டுவிடுவேன். இப்போது இதே ஜெபத்தை மங்களூர்த் தோழியின் கொங்கணி, யூடியூபில் வியட்நாமியம், அரபு என்று தேடித்தேடிக் கேட்கிறேன். எங்கெங்கோ சிறு சிறு கூட்டமாக நம்மவர்கள். உங்கள் உள்ளமும் மரத்துப்போயிருந்தால், யாரோ தொடங்கியதற்குப் பதில் மட்டும் சொல்லிப் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை நடவுப் பெண்கள் தங்கியிருக்கும் கொட்டகையில் ஜெபமாலை. முற்பாதியைக் குடுக்கில் நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சலோமி வாய்ஸ் மெசேஜில் சொல்லித்தருகிறார். என் உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். கடைசி வரி இன்னும் வாயில் நிற்கவில்லை. ஆனாலும் தொடங்கிவிடுவேன். நீங்களும் வாருங்கள்.