கிரகணத்தன்று ஒச்சாயி வேலைக்குப் போனாள்

வேலம்பாளையம் லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவு ஒச்சாயி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷன் காசிமாயனோடு பனியன் கம்பெனிக்கு வந்தவள். அவளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். பொம்பளை தலையில் எதையெல்லாம் கட்டுகிறார்கள், சொல்லுங்கள்!

2008 ஆடியில் சூரிய கிரகணம். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். வெளியே தலைகாட்டினால் பிள்ளை குறையோடு பிறக்கும், வீட்டைவிட்டு நகராதே என்று மாமியார் ஊரிலிருந்து போனில் சொல்லியிருந்தாள். காசிமாயன் சாயப்பட்டறைக்குப் போன பிறகு கம்பெனி வேன் வந்து நின்றது. மறுநாள் ஷிப்மெண்ட், செக்கிங்குக்கு ஆளில்லை என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். இவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கிரகணம் பிடித்த நேரத்தில்தான் வேனிலிருந்து இறங்கினாளாம். வீட்டிலேயே இருந்ததாகப் புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

ஐப்பசியில் பிறந்த பையனுக்கு இதயத்தில் ஓட்டை. முப்பத்தெட்டு நாள் இருந்தான். "நான்தான்க்கா கொன்னுட்டேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். அதெல்லாம் ஒன்றுமில்லையடி என்று வாய் வலிக்கச் சொன்னேன். என் பேச்சு எடுபடவில்லை.

கம்பெனிக்கு இனிப் போக மாட்டேன் என்று சேவூர் ரோட்டில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் சேர்ந்தாள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மறுவருஷம் அங்கே யாழினி என்கிற பெண் முட்டை வாங்க வந்தாள். அவிநாசிக்காரி, கோயமுத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பு. அடைவைத்து முப்பத்தாறு மணி நேரமான முட்டை, மூன்று நாளான முட்டை என்று கணக்காகக் கேட்பாள். எதற்கு என்று ஒருநாள் ஒச்சாயி கேட்டுவிட்டாள்.

யாழினி ஒரு முட்டையை உடைத்துக் காட்டினாள். மஞ்சள் கருவின் மேல் சிவப்பாகக் கடுகளவு துடித்தது. குஞ்சின் இதயம்.

"வளருன்னு சேதி வந்தா மட்டும் பத்தாதுங்க்கா. அதை வாங்கிக்கறதுக்குச் செல்லுல ஏற்பின்னு ஒண்ணு இருக்கோணும். அது எந்த மணிக்கு வருதுன்னுதான் பாக்கறேன்."

மனுஷப் பிள்ளைக்கு எப்போது என்று இவள் கேட்டாள். ரெண்டு மாதத்திலேயே உள்சுவர் எழும்பிவிடும், ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் அப்போதே விழுந்ததுதான், ஏன் என்று பல பேர் விஷயத்தில் தங்களுக்கே தெரியாது என்றாள் அந்தப் பெண்.

"ஏழாம் மாசம் கிரகணத்துல வெளிய போயிருந்தா?"

"அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே சுவரு முடிஞ்சிருக்குமேங்க்கா."

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் காசிமாயனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், காதைப் பொத்தினாலும் கேட்கும். பிறகு அவன் குரல்.

"தெரியும் புள்ள. வேன் டிரைவரு அன்னைக்கே சொன்னான்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நானும் அதனாலதான்னு நம்பிட்டேன். கேட்டா நீ தாங்க மாட்ட."

பையன் போய் ஒரு வருஷமாகியிருந்தது. அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.